குதிரை திரும்பி வந்த முப்பது பாத்தி

எங்கள் கணிதத் துறை மலர் ஒன்று கொண்டுவரப் போகிறதாம். போன வாரம் இரண்டு இளம் பேராசிரியர்கள் பஸ் ஏறி மரக்காணம் வரை வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். "உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், கூட உங்க தேற்றம் ஒண்ணும் வேணும். கணக்கு, செஸ் ரெண்டுலயும் பேர் எடுத்தவரு நம்ம டிபார்ட்மென்ட்ல நீங்க ஒருத்தர்தான்." அவர்களில் ஒருவர் செல்போனை எடுத்து, ஒரு குதிரை சதுரங்கப் பலகை முழுக்கத் தாவி முடிப்பதைக் காட்டினார். கண் இமைப்பதற்குள் அறுபத்து நான்கு கட்டமும் தீர்ந்துவிட்டது. நான் அந்தத் திரையைப் பார்த்தபடியே எங்கோ போய்விட்டேன். காபியோடு வந்த என் மனைவி மங்கை, "இவரு இப்படித்தாங்க. பேசிட்டே இருக்கும்போது கிளம்பிடுவாரு. நீங்க காபி சாப்பிடுங்க, வந்துடுவாரு" என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னாள்.

அவள் சொல்வதில் தப்பில்லை. பகலில் கனவு காண்பது சின்ன வயதிலிருந்தே எனக்குள்ள வியாதி. வேலை பார்த்த நாளில், மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும். மரக்காணம் நெருங்கும்போது உப்பளங்கள் தொடங்கும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவே மண் வரப்பு, தண்ணீருக்குள் வானம். என் கண் தானாக அந்தக் கட்டங்களில் குதிரையை ஓடவிடும். இரண்டு பாத்தி நேரே, ஒரு பாத்தி பக்கவாட்டில். மறுபடி இரண்டு, ஒன்று. ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. "சார், உங்க ஊரு போயி பத்து நிமிஷம் ஆவுது" என்று கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிட்ட நாட்கள் எத்தனையோ. கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் குதிரை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

படித்த கதையைச் சொல்ல அதிகமில்லை. அப்பா தபால்காரர். கணக்கு வந்தது, மற்றது வரவில்லை. விடுதியில் பக்கத்து அறைக்காரன் சதுரங்கம் கற்றுக்கொடுத்தான். ஆறு மாதத்தில் அவன் என்னோடு ஆடுவதை நிறுத்திக்கொண்டான். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கல்லூரியில் வேலை. சனி, ஞாயிறுகளில் போட்டிகள். மாவட்டத்தில் முதலிடம், பிறகு மாநிலத்தில் இரண்டாமிடம். அந்த இரண்டாமிடத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அருளப்பன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது அவர்தான் துறைத் தலைவர். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருப்பார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆனால் எங்களில் யார் எதை நிறுவினாலும், அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கையால் எழுத வேண்டும், தமிழில் எழுத வேண்டும். ஒரு வரிக்கு ஒரு படிதான். இடப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு ஓரம் விட வேண்டும். "இங்கிலீஷ்ல எழுதினா தப்பு கூட அழகா தெரியும்" என்பார். சரியாக மூன்று நாள் வைத்திருப்பார். நான்காம் நாள் காலை, நம் மேசையில் டஸ்டருக்கு அடியில் அந்தத் தாள்கள் இருக்கும்.

சரி என்ற குறி கிடையாது, தப்பு என்ற குறியும் கிடையாது. வாதம் எந்த வரியில் உடைகிறதோ அந்த வரிக்கு நேரே, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். பென்சிலை பிளேடால் சீவி வைத்திருப்பார். புள்ளியை அழுத்தி வைப்பார். ஓடிப்போய் "என்ன சார் தப்பு?" என்று கேட்டால் கண்ணாடியைத் துடைப்பார். "படிச்சுப் பாருங்க" என்பார். விடாமல் நின்றால் மட்டும், "எனக்கு அந்த எடத்துல நடக்க முடியல. நீங்க எப்படி நடந்தீங்க?" என்று கேட்பார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்பார். அதற்குமேல் அங்கே நிற்க யாருக்கும் முகம் இருக்காது.

அவரிடமிருந்து ஒரு புள்ளிகூட இல்லாமல் திரும்பி வந்தது என் குதிரைக் கட்டுரை ஒன்றுதான் என்று துறையில் ஒரு கதை உண்டு. இருபது வருடம் அந்தக் கதையைச் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

அந்தக் கட்டுரை இதுதான். சதுரங்கக் குதிரை ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒருமுறை மிதித்து, கடைசியில் ஒரே தாவலில் கிளம்பிய கட்டத்துக்கே திரும்பிவிட்டால் அது ஒரு முழுச் சுற்று. எட்டு வரிசைப் பலகையில் அது முடியும். மூன்றே வரிசை உள்ள நீளப் பலகையில் முடியுமா? நான்கு நெடுவரிசை வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஆறு வைத்தேன், முடியவில்லை. எட்டு வைத்து ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்தேன். முடியவே முடியாது என்று நிறுவினேன். பிறகு, 'இதேபோல் நெடுவரிசை எத்தனை ஆனாலும் முடியாது' என்று எழுதி, அதற்கு ஒரு பக்கம் விளக்கமும் சேர்த்தேன். பல்கலைக்கழக இதழில் வெளியானது. பேராசிரியர் பதவி உயர்வுக்கு நான் நீட்டிய தாள்களில் முதல் தாள் அது.

அதே வருடம்தான் மாநிலப் போட்டி. கடைசி ஆட்டம். ஜெயித்தால் பட்டம். எதிராளி எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். நான் என் குதிரையின் தலையில் விரல் வைத்தேன். வைத்த மறுகணமே யானையை நகர்த்தினால் ஆட்டம் என் கையில் என்று தெரிந்தது. விரலை எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, நடுவர் வேறு மேசையில் குனிந்திருந்தார். ஆனால் தொட்டால் ஆட வேண்டும், அதுதான் விதி. எதிராளி திரும்பி வந்ததும் அவர் கண்ணெதிரே அந்தக் குதிரையையே நகர்த்தினேன். பதினான்கு நகர்த்தலில் தோற்றேன். விஷயம் எப்படியோ பரவி, நான் நடுவராக உட்காரும் இடங்களில் எல்லாம் "தொட்டவரு" என்றே என்னை அடையாளம் சொன்னார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

இனி தேசிங்கு. உப்பளத்தில் வேலை செய்பவர், என்னைவிட நான்கைந்து வயது இளையவர். ஒருநாள் உப்பளக் கொட்டகையில் அவரும் இன்னொருவரும் அட்டைப் பலகையில் சதுரங்கம் ஆடுவதைப் பார்த்து நின்றேன். அவர்கள் ஆடியது நாட்டு ஆட்டம். ராஜா ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். சிப்பாய் முதலிலும் ஒரு கட்டம்தான் நகரும். உட்கார்ந்து ஆடினேன். மாநிலத்தில் இரண்டாமிடம் வந்த நான், அவருடைய ராஜாவை மூலையில் மடக்கி மீசையைத் தடவிக்கொண்ட நேரத்தில், ராஜா எழுந்து குதிரை போலப் பாய்ந்து என் யானையை அடித்துவிட்டுப் போனது. "இன்னா சார், ராஜான்னா சும்மாவா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் நான் அன்றைக்கே அவருக்கு அடிமை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலைகள் அந்தக் கொட்டகையில்தான். உப்புக் குவியல்களுக்கு ஓலை வேய்ந்திருப்பார்கள். தூரத்தில் பூநாரைகள் நிற்கும். காற்றில் கண் எரியும். காய் நகர்த்தாமல் இருவரும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது உண்டு.

அவர்கள் ஆட்டத்தில் என்னால் ஏற்க முடியாத விதி ஒன்று இருந்தது. நகர்த்திய காயைத் திருப்பிக்கொள்ளலாம். எதிராளி தன் காயைத் தொடும் வரை அந்த உரிமை உண்டு. தொட்டுவிட்டால் போச்சு. நான் தப்பாக நகர்த்தும் போதெல்லாம் தேசிங்கு கையைக் கட்டிக்கொண்டு, "இன்னும் நான் தொடல சார், திருப்பி வெச்சுக்குங்க" என்பார். "நான் தொட்டா ஆடணும்பா" என்று நான் முறைப்பேன். "அப்ப தோத்துப் போங்க" என்பார் அன்பாக.

2004 மார்கழியில் கடல் ஏறி உள்ளே வந்தது. அந்தக் காலையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கரையில் எல்லாருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தேசிங்கு வேலை செய்த பாத்திகளில் சேறு படிந்துவிட்டது. அது காய்ந்தால்தான் சுரண்ட முடியும், சுரண்டினால்தான் தரையை மிதித்து இறுக்க முடியும், இறுகினால்தான் உப்பு. ஆகவே தை மாதம் முழுக்க வேலை இல்லாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கும் மனிதரிடம் என் தேற்றத்தைச் சொல்லிவைத்தது என் வாய்க்கொழுப்பு. மூன்று வரிசையில் குதிரை எல்லாவற்றையும் மிதித்துத் திரும்பாது, எத்தனை நீளம் போனாலும் திரும்பாது என்றேன்.

"எங்க பாத்தி மூணு வரிசதாங்க சார். வரிசைக்குப் பத்து" என்றார் அவர்.

"எத்தனை இருந்தாலும் வராதுப்பா. ப்ரூவ் பண்ணியாச்சு."

"நடந்து பாத்தீங்களா?"

நான் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு, பிப்ரவரி மாதம். கொட்டகையில் பலகையைக் காணோம். "வாங்க சார், ஒண்ணு காட்டறேன்" என்று என்னை வரப்பில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பில் ஈர்க்குக் கட்டு. காயாத சேற்றில் குதிகாலை ஊன்றி ஒரு தடம், தடத்தின் பக்கத்தில் ஒரு ஈர்க்கு. பிறகு வரப்பு வழியே இரண்டு பாத்தி தாண்டி, ஒரு பாத்தி திரும்பி, அங்கே இறங்கி ஒரு தடம், ஒரு ஈர்க்கு. அவசரமே இல்லை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். பத்தாவதில் புன்னகையோடு பார்த்தேன். பதினேழாவதில் எங்கே மாட்டிக்கொள்வார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டேன். அவர் மாட்டவில்லை. இருபத்து மூன்றில் என் புன்னகை போய்விட்டது. வெயில் சாய்ந்து, குதிகால் தடங்களில் ஊறிய நீர் ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கியது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பதாவது பாத்தியில் நின்று, முதல் ஈர்க்கைக் கையால் காட்டினார். இரண்டு நேரே, ஒன்று பக்கத்தில்.

"வந்துடுச்சு சார்" என்றார்.

அந்தக் காட்சி இன்றும் கனவில் வருகிறது. பயமுறுத்தும் கனவாக வராது. முப்பது பாத்தியிலும் முப்பது ஈர்க்கு காற்றில் ஆடும், ஒரு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரிப்பார். விழித்த பிறகுதான் என் தேற்றம் நினைவுக்கு வரும்.

நான் கலங்கிப்போனதற்குக் காரணம் என் கௌரவம் மட்டும் இல்லை. ஸ்டெல்லா. குயிலாப்பாளையத்துப் பெண், விருந்தினர் விடுதிகளுக்குத் துணி தைக்கும் தாயின் ஒரே மகள். என்னிடம் ஏழு வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஜூனுக்குள் பிஎச்.டி. கையில் இருந்தால் நிரந்தரம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். ஆய்வேடு பைண்டிங் வரைக்கும் வந்துவிட்டது. அதன் மூன்றாம் அத்தியாயம் முழுக்க முழுக்க என் தேற்றத்தின் மேல் கட்டியது. "நம்ம கைடோட ரிசல்ட்டையே எடுத்துக்கறேன் சார், அதுல எனக்குப் பயம் இல்ல" என்று ஏழு வருடம் முன்பு சொன்னவள் அவள்தான்.

நான் வாயைத் திறந்தால் அத்தியாயம் விழும், ஜூன் போகும். திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு தேர்வாளர்களையும் எனக்குத் தெரியும். அச்சான தேற்றத்தை நடந்து பார்க்கிற ஆட்கள் இல்லை அவர்கள். தேசிங்கு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகப்போவதில்லை. இப்படியெல்லாம் நான் யோசித்தேன். முதல் சனிக்கிழமை ஸ்டெல்லா வந்தபோது தலைவலி என்று மங்கையைவிட்டுச் சொல்லி அனுப்பினேன். உள்ளறையில் படுத்துக்கொண்டு, அவள் வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தத்தைக் கேட்டேன். அந்தச் சுற்றை ஒரு காகிதத்தில் எழுதிவைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை தப்பிக்க முடியவில்லை. சான்றிதழ்ப் பக்கத்தோடு வந்திருந்தாள். இந்த ஆய்வு என் மேற்பார்வையில் நடந்தது, முடிவுகள் சரியானவை என்று நெறியாளர் கையெழுத்திடும் பக்கம். "செவ்வாக்கிழம யுனிவர்சிட்டில குடுத்துடறேன் சார்" என்றாள். அவள் அம்மா முறுக்கு சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி போட்டேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

மறுநாள் ஞாயிறு, கொட்டகையில் பலகை விரித்திருந்தது. எனக்கு ஆட்டத்தில் மனம் இல்லை. ஆறாவது நகர்த்தலிலேயே ராணியை சும்மா தூக்கிக் கொடுத்தேன். தேசிங்கு கையைக் கட்டிக்கொண்டார்.

"திருப்பி வெச்சுக்குங்க சார்."

"வேணாம்பா. தொட்டா தொட்டதுதான்."

"இன்னா சார் நீங்க, ரெண்டு வாரமா மூஞ்சே சரியில்ல. தப்புன்னு உங்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. நான் இன்னும் காயத் தொடல. தப்பத் தெரிஞ்சிக்கினே அப்படியே வுட்டுட்டு தோக்கறதுல இன்னா பெரும இருக்குது?"

அவர் ராணியைப் பற்றித்தான் பேசினார். ஸ்டெல்லா என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை இன்னும் வரவில்லை. பல்கலைக்கழகம் இன்னும் அந்த ஆய்வேட்டைத் தொடவில்லை. கையை நீட்டி ராணியை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்தேன். முப்பத்தைந்து வருட ஆட்டத்தில் நான் திருப்பிக்கொண்ட முதல் காய் அது. "அப்பாடா" என்று தேசிங்கு தன் சிப்பாயைத் தொட்டார்.

திங்கட்கிழமை காலை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்குக் கண்ணில் குதிரை ஓடவில்லை. சாவடி நிறுத்தத்தில் சரியாக இறங்கி, ஆட்டோ பிடித்துக் குயிலாப்பாளையம் போனேன். ஸ்டெல்லா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம். நின்றபடியே சொன்னேன். "மூணாவது அத்தியாயம் தப்பும்மா. என்னோட தேற்றமே தப்பு. பத்து நெடுவரிசைல சுத்து வருது."

அவள் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு முகம் மாறியது.

"எத்தினி நாளா தெரியும் சார்?"

"பதினஞ்சு நாளா."

"அப்ப கையெழுத்து போடும்போது தெரியும்."

"தெரியும்மா."

தையல் மிஷின் நின்றது. "அம்மா, சாருக்குத் தண்ணி குடு" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் வந்தது. குடித்தேன். அரை மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெட்டுத் துணிகளுக்கு நடுவே அவள் அம்மா என்னைப் பார்க்காமல் ஒரு பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஏதாவது திட்டியிருந்தால் தேவலாம் என்று தோன்றியது. ஸ்டெல்லா வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கையில் தாளும் பென்சிலும். "தப்பு யாருக்கு வேணா வரும் சார். அந்தப் பதினஞ்சு நாளத்தான் என்னால தாங்க முடியல. சரி, வரைங்க. எப்படி வருது?"

"வரையத் தெரியல. நான் எழுதி வெக்கல."

"பின்ன யாருக்குத் தெரியும்?"

அந்த வாரக் கடைசியில் அவளைத் தேசிங்கிடம் அழைத்துப் போனேன். சேறு அதற்குள் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஈர்க்குகள் இருந்தன, தடங்களும் காய்ந்து கெட்டியாகி அப்படியே இருந்தன. ஸ்டெல்லா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து முப்பது வரை அவர் தடத்தின் மேலேயே கால் வைத்து நடந்தாள். நாங்கள் வரப்பில் நின்றோம். முப்பதாவதில் நின்று அவள் அழத் தொடங்கினாள்.

"இன்னா சார், புள்ள அழுவுது" என்றார் தேசிங்கு பதறிப்போய். "நான் எதுனா தப்பா நட்டுட்டனா?"

"நீ இல்லப்பா. நான்தான்" என்றேன்.

பிறகு கொட்டகையில் உட்கார்ந்து மூவரும் டீ குடித்தோம். தேசிங்கு பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "ஏம்மா, ஒரு பாத்தி ஒடைஞ்சி போச்சின்னு வெச்சுக்க. அத வுட்டுட்டு குதிர சுத்தி வருமா?" என்று கேட்டார். உப்பளத்தில் வருடம் ஒரு பாத்தியாவது வரப்பு உடைந்து வீணாவது உண்டு. ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "முப்பதுல ஒண்ணு போனா வராதுங்க. ஒவ்வொரு தாவலுக்கும் கட்டத்தோட நிறம் மாறும், அதனால ரெட்டப்படைல இருந்தாத்தான் சுத்து முடியும்" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா இருபத்தேழு பாத்தி இருந்து, அதுல ஒண்ணு போனா..." என்று நிறுத்தினாள். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் போலவே இவளும் கிளம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த உடைந்த பாத்திதான் அவளுடைய புதிய மூன்றாம் அத்தியாயம். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். சென்னைக்குப் போய் நூலகத்தில் தேடியதில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்று வரிசையில் பத்து இருந்தால் சுற்று வரும் என்பது வெளிநாட்டில் எப்போதோ அச்சாகிவிட்ட விஷயம். நான் தப்பு என்பது உலகத்துக்குத் தெரிந்தே இருந்தது. இந்தக் கரையில் இருந்துகொண்டு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தவன் நான். இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன், தேசிங்கின் பெயரைப் போட்டு. கல்லூரி முதல்வரிடமும் சொன்னேன். "ரிடையர் ஆகப்போற நேரத்துல எதுக்குங்க இதெல்லாம்?" என்றார்.

ஜூன் போய்விட்டது. அந்த நிரந்தர வேலை வேறு ஒருவருக்குப் போனது. ஸ்டெல்லா இன்னும் ஒரு வருடம் தற்காலிகமாகவே வேலை பார்த்தாள். அந்த ஒரு வருடத்தை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் வந்தாள், வேலையைப் பேசினாள், கிளம்பினாள். முறுக்கு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

2006 கோடையில் அவளுடைய வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளித் தேர்வாளர் உடைந்த பலகை பற்றி ஒன்றரை மணி நேரம் துருவினார். அவள் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. கடைசி வரிசை நாற்காலியில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தேசிங்கு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் புரியவில்லை என்று பிறகு சொன்னார், ஆனால் எல்லா இடத்திலும் தலையாட்டினார். நான் ஓய்வு பெற்றது அதற்கு அடுத்த மாதம்.

ஓய்வு பெற்ற பின் ஒருநாள் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். வேலை நிரந்தரமாகியிருந்தது. கையில் அவள் அம்மா கொடுத்த முறுக்கு. "அந்தப் பழைய மேனுஸ்கிரிப்ட் இருக்கா சார்? அருளப்பன் சார் ஒரு புள்ளிகூட வெக்கலன்னு சொல்லுவீங்களே, அவரு எப்படி அத விட்டாரு? அதப் பாக்கணும்" என்றாள்.

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் போய் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். 'இதேபோல்' என்ற வரி வந்தது. அங்கே நிறுத்தினாள். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தை ஆள்காட்டி விரலால் தடவினாள்.

"இங்க ஒரு பள்ளம் இருக்குது சார். ஏதோ இருந்து அழிச்சிருக்காங்க."

மங்கை சமையலறையில் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அந்த நான்காம் நாள் காலை, டஸ்டருக்கு அடியில் தாள்கள் இருந்தன. அந்த வரிக்கு நேரே புள்ளி இருந்தது. அறையில் யாரும் இல்லை. எட்டு நெடுவரிசையோடு ஒரு கோடை முழுக்கப் போராடியவன் நான். கிழவருக்கு என்ன தெரியும் என்று ஆத்திரம். மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து அழித்தேன். தாளை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே, "புள்ளி இல்லாம வந்திருக்குது சார், அனுப்பிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "உங்களால நடக்க முடிஞ்சா அனுப்புங்க" என்றார். பிறகு ஓய்வு பெற்றுப் போய், இறந்தும் போனார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாநிலப் போட்டியில், யாரும் பார்க்காதபோது தொட்ட குதிரைக்காகப் பட்டத்தை விட்டேனே, அது இதற்கு இரண்டு மாதம் கழித்து. ஏன் அப்படி ஆடினேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஸ்டெல்லா திட்டுவாள் என்று காத்திருந்தேன். கைப்பையைத் திறந்து, மாணவர்களின் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தாளை ஜன்னல் விளிம்பில் வைத்து, அந்தப் பள்ளத்தில் முனையை நிறுத்தி, அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள். மையைக் காயவைப்பவள் போல ஒருமுறை ஊதினாள். பிறகு என்னிடம் நீட்டி, "இப்ப சரியா இருக்குது சார்" என்றாள். நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

மலருக்கு என் தேற்றங்களில் ஒன்றைத் தேர்ந்து தரும்படி கேட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டுரையோடு அதையும் அப்படியே அச்சிடுங்கள். சிவப்பில் போட வசதி இல்லையென்றால் கறுப்பிலேயே போடலாம். புள்ளி மட்டும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.